சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்த கூரை

மழையைப் பற்றி ஜாவான் ஷமாலாவுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: அது எப்போது பெய்யும் என்பது. இதை ஊர் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வது. காகமேகா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயப் பண்ணையில் இருபத்தாறு வருஷம் தினமும் காலை ஒன்பது மணிக்கு மழைமானியைத் திறந்து, விழுந்த தண்ணீரை அளந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர். பெய்து முடிந்த மழையைப் பற்றிக் கேட்டால் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்வார். பெய்யப்போகிற மழையைப் பற்றியும் சொல்வார். அதை நம்பி மக்காச்சோளம் விதைத்தவர்கள் அதே வருஷம் இரண்டாம் தடவையும் விதை வாங்கியிருக்கிறார்கள். ஊரில் அவருக்கு மழை கிளார்க் என்று பெயர்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்குள் பதினோரு இடத்தில் ஒழுகியது.

தகரம் போட்டு முப்பத்திரண்டு வருஷம். கல்யாணமான வருஷம் போட்டது. முதலில் கண் கூசுகிற மாதிரி மின்னி, அப்புறம் சாம்பல் நிறமாகி, கடைசியில் முற்றத்துச் செம்மண்ணின் நிறத்துக்கே வந்துவிட்டது. ஓட்டைகளை ஜாவான் தாரால் அடைத்தார். தார் தீர்ந்ததும் சோப்பால் அடைத்தார். மழை பெய்தால் அந்த இடத்தில் நுரை வந்தது. மனைவி ரிஸ்பா வாளி, குண்டான், பெயிண்ட் டப்பா என்று ஓடி ஓடி வைப்பாள். இவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றிலும் குச்சி விட்டுப் பார்ப்பார்.

"சோபாப் பக்கம் போன வாரத்த விட நாலு மில்லி கூட," என்பார்.

"சோபாவும்தான் கூடியிருக்கு. ஊறிப்போயி," என்பாள் அவள்.

புதுத் தகரம் இல்லை என்றால்கூடப் பரவாயில்லை. இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. இரண்டு வருஷமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நீளம் கொள்ளாமல் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததில் கணவன் மனைவி இருவரின் கணுக்காலிலும் தழும்பு. "கீழ புதுக் கூரை, மேல பழைய கூரை, நடுவுல நனைஞ்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரு," என்று ஜாவானே சந்தையில் சொல்லிச் சிரிப்பார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் அவருக்கு ஒரு வசதி இருந்தது. சிரித்து முடித்ததும் வேலையைச் செய்துவிட்ட திருப்தி வந்துவிடும்.

ஏன் போடவில்லை என்று கேட்டால் காரணம் வரிசையாக வரும். தகரம் வாங்கியது மழைக்காலம், பிரித்தால் வீடு நனையும். மழை நின்றதும் வெயில், இப்போதுதான் ஒழுகவில்லையே. அப்புறம் அறுவடை. அறுவடை முடிந்ததும் தச்சர் லிச்சுங்குவின் மாமனார் போய்ச் சேர்ந்தார், துக்க வீட்டில் போய்ச் சுத்தியலைப் பற்றிப் பேசலாமா. உண்மைக் காரணம் வேறு. தகரத்தைப் பிரித்தால் அடியில் இருக்கிற மரத்தைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். படுக்கையில் காலையில் எழுந்தால் தலையணையில் மரப்பொடி உதிர்ந்து கிடக்கும். பார்க்காத வரைக்கும் மரம் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொள்ளலாம். ஜாவான் பயந்தார், அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது மகன் லுவெம்பேவுக்குப் பெண் அமைந்தது.

லுவெம்பே ஆரம்பப் பள்ளி வாத்தியார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பாவின் முற்றத்திலேயே தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டு அதில் இருந்தான். பெண்ணின் பெயர் கசாண்டி. பையனுக்கும் பெண்ணுக்கும் மூன்று வருஷப் பழக்கம், அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் பெண்ணின் அம்மா. பெரிட்டா என்று பெயர். கணவன் இறந்த பிறகு ஷின்யாலு சந்தையில் பழைய துணி விற்று நான்கு பெண்களை வளர்த்தவர். மூத்தவளுக்கு வந்த இரண்டு வரன்களை, வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்று சொன்னவர். கசாண்டி விஷயத்திலும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார். மார்ச் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை வருகிறேன், வீட்டைப் பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன்.

லுவெம்பே அப்பாவிடம் வந்து நின்றான். "அப்பா, அவங்க வேணாம்னு சொன்னா கசாண்டி அம்மாவ மீறி வர மாட்டா. அவ அப்படித்தான். தயவு செஞ்சு இந்தக் கூரைய..."

"போட்டுடலாம்டா," என்றார் ஜாவான்.

நான்காம் தேதி லிச்சுங்கு வந்தார். ஏணியில் ஏறி, ஒரு தகரத்தை லேசாகத் தூக்கி, அடியில் இருந்த சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். வெந்த மரவள்ளிக்கிழங்கில் போகிற மாதிரி அது பிடி வரைக்கும் போயிற்று. அவர் அதை உருவிக்கொண்டு கீழே குனிந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? வழக்கமா சட்டம் தகரத்தத் தாங்கும். உங்க வீட்டுல தகரம் சட்டத்தத் தாங்கிட்டிருக்கு."

"எத்தன நாள் ஆகும்?"

"நாலு. நாளைக்கே பிரிச்சா வெள்ளிக்கெழம முடிஞ்சுடும்."

இங்கேதான் ஜாவானின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில் அவருக்கு ஒரு குறையும் வந்ததில்லை. நான்கு நாள் ஐந்து நாளாகிவிட்டால்? சனிக்கிழமை பெரிட்டா வந்து நிற்கும்போது பாதிக் கூரை திறந்து கிடந்தால்? சம்பந்தியம்மா ஒரு வீட்டின் கூரையை உள்ளேயிருந்து பார்க்கக் கூடாது. சட்டமும் ரீப்பர்க் கட்டையும் தெரிய அவரை உட்கார வைப்பதும், வீட்டுக்காரன் துணியில்லாமல் எதிரே நிற்பதும் எங்கள் பக்கத்தில் ஒன்றுதான். அதனால்தான் பெண் வீட்டார் வருகிறார்கள் என்றால் ஏழைபாழைகளும் எதையாவது கட்டிக் கூரையை மறைக்கிறார்கள்.

ஜாவான் உள்ளே போய் இருபத்தாறு வருஷத்து நோட்டுகளின் நகலை எடுத்து வந்தார். விரலால் தடவிக் கணக்குப் போட்டார். பெருமழை சராசரியாகப் பதினெட்டாம் தேதிதான் ஆரம்பிக்கும். ஒன்பதாம் தேதி இருபத்தாறு வருஷத்தில் மூன்று தடவைதான் பெய்திருக்கிறது, அதுவும் தூறல்.

"பாத்தியா லிச்சுங்கு? இப்ப ஒரு வெள்ளைத் துணிய அடியில இழுத்துக் கட்டிடுவோம். அந்தம்மா வரட்டும், பாக்கட்டும், சாப்புடட்டும், போகட்டும். பதினோராந்தேதி பிரிக்க ஆரம்பி. பதினஞ்சுல முடிச்சுடு. மூணு நாள் மிச்சம்."

லிச்சுங்கு திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். "கூரைக்குப் பாவாட கட்டப் போறீங்க."

ரிஸ்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "லுவெம்பே அப்பா, அந்தம்மா மேல பாக்காது, சரி. மேல இருக்கிறது கீழ பாக்குமே?"

"நீ சும்மா இரு. எனக்கு மழையத் தெரியும்."

இந்த ஒரு வாக்கியத்தைத் தன் கல்லறையில் எழுதச் சொல்லியிருக்கிறார் ஜாவான், போகிற வருகிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று.

காடாத் துணியைக் காயேகாவில் ஒரு கடையில் வாங்கி, அவரே கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து, அவரே ஏணியில் ஏறி நான்கு சுவர்களிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டினார். நன்றாகத்தான் இருந்தது. மேகம் மாதிரி இருக்கிறது என்று ஒரு பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், அவள் என்ன அர்த்தத்தில் சொன்னாளோ. சோபாக்களுக்குப் பின்னல் உறை போட்டார்கள். நடுவில் இருந்த பெரிய சோபா பெரிட்டாவுக்கு. அதற்கு நேர் மேலேதான் லிச்சுங்குவின் திருப்புளி இறங்கிய சட்டம்.

"அத செவுத்தோரமா தள்ளிடுவோம்," என்றாள் ரிஸ்பா.

"மரியாதப்பட்டவங்கள செவுத்தோரமா உக்கார வெப்பாங்களா? நடு வீட்டுலதான்."

தள்ளவில்லை. தள்ளவேண்டும் என்று அவருக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. இதையும் மறைக்காமல் சொல்வார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பெரிட்டா வந்தார். கூட இரண்டு தங்கைகள், இறந்த கணவனின் அண்ணன் ஷிட்டாண்டா. பெரிட்டா ஒல்லி, உயரம். நீலத் தலைத்துணி. முற்றத்தைப் பார்த்தார், அடுப்படிக் குடிசையைப் பார்த்தார், கழிப்பறைப் பக்கம்கூட ஒரு நடை போய்வந்தார். ஒரு முகச்சுளிப்பும் இல்லை. உள்ளே வந்து நடு சோபாவில் உட்கார்ந்தார். கண்ணை எதிர்ச் சுவருக்கு மேலே தூக்கவில்லை. பெரிய மனுஷி என்று ஜாவான் நினைத்துக்கொண்டார்.

தேநீர் வந்தது. வேர்க்கடலை வந்தது. பேச்சு நன்றாகப் போயிற்று. கசாண்டி சின்ன வயதில் பிடிவாதக்காரி என்றார் பெரிட்டா, லுவெம்பே பத்து வயது வரைக்கும் படுக்கையை நனைத்தவன் என்றாள் ரிஸ்பா, எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மணிக்கு முழுக் கோழியும் களியும் கொண்டுவந்து வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ண ஷிட்டாண்டா எழுந்து நின்றார். அப்போதுதான் தகரத்தில் முதல் துளி டக்கென்று விழுந்தது.

ஜாவான் தகரத்தின் பக்கம் காதைக் கொடுத்தார். தூறல், தூறல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மூன்று நிமிஷத்தில் ஆலங்கட்டி கலந்து கொட்டியது. தகரத்தின் கீழ் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. ஷிட்டாண்டா குரலை உயர்த்தினார்.

"ஆண்டவரே, நல்ல நேரத்துல மழையக் குடுத்தீங்க! ஸ்தோத்திரம்! இன்னும் குடுங்க! இந்த வீட்டு மேல கொறைவில்லாம ஊத்துங்க!"

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜாவான் மட்டும் மூடவில்லை. வெள்ளைத் துணியின் நடுவில் ஒரு காசளவு ஈரம் தெரிந்தது. அது தட்டளவானது. தண்ணீர் தேங்கத் தேங்க, துணி நிறைமாதக்காரியின் வயிறாகக் கீழே இறங்கியது. நேராகப் பெரிட்டாவின் தலைத்துணிக்கு மேலே. துருப்பிடித்த தண்ணீர், நிறம் நன்றாகத் தெரிந்தது.

சொல்லலாம் என்றால் எப்படிச் சொல்வது? மேலே பாருங்கள் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்ல வாய் வருமா? பார்க்காமல் தள்ளி உட்காருங்கள் என்றால், ஏன் என்று கேட்பார். லுவெம்பேவும் கண்ணைத் திறந்துவிட்டான். அவன் முகம் செத்துவிட்டது. ரிஸ்பா திறந்து பார்த்துவிட்டு மறுபடி இறுக்கி மூடிக்கொண்டாள். இப்போது வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரிட்டாவின் தங்கைகளும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள், அவர்களுக்கும் அதே வாய்ப்பூட்டு.

ஜாவான் மெல்ல எழுந்து கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்தார். பூனை நடை நடந்து சோபாவுக்குப் பின்னால் போனார். துடைப்பத்தின் கட்டையால் துணியை லேசாக நெம்பி, தண்ணீரைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிடலாம் என்று திட்டம். நெம்பினார். தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டு, மறுபடி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. இரண்டாம் தடவை நெம்பும்போது ஷிட்டாண்டா ஆமென் என்றார்.

பெரிட்டா கண்ணைத் திறந்தார். எதிரே ரிஸ்பாவின் முகம் போன போக்கைப் பார்த்துத் திரும்பினார். தலைக்கு மேல் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிற சம்பந்தியைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி," என்று கத்தினார், மழைச் சத்தத்தில் கத்தத்தான் வேண்டும். "இப்பவே பெருக்கித் தள்ளப் போறீங்களா எங்கள?"

"சிலந்தி!" என்று கத்தினார் ஜாவான். "சின்ன சிலந்தி!"

அப்போது மேலே மரம் முனகியது. நீளமாக, மழையையும் மீறி. அந்தச் சத்தம் கேட்டதும் ஜாவானுக்கு வெட்கம், மரியாதை, வழக்கம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. துடைப்பத்தை வீசிவிட்டு, சோபாவைச் சுற்றி வந்து, தொடவே கூடாத சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எந்திரிங்க! கூர விழுது! மேல பாருங்க, எந்திரிங்க!"

பெரிட்டா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்தார். துணி கிழிந்தது. இரண்டு வாளித் தண்ணீர், கரையான் மண், ஒரு எலிக்கூடு, அப்புறம் ஆள் நீளத்துக்கு ஒரு சட்டம், எல்லாம் சேர்ந்து பின்னல் உறை போட்ட சோபாவின் மேல் விழுந்தன. சட்டம் சோபாவின் முதுகை ஒடித்துவிட்டு உருண்டது. மேலே இரண்டு தகரம் விலகி வானம் தெரிந்தது. கோழி இருந்த தட்டில் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது.

எல்லோரும் அடுப்படிக் குடிசைக்கு ஓடினார்கள். புகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெரிட்டாவின் தலைத்துணியிலிருந்து சிவப்புத் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. ரிஸ்பா துண்டு கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை. ஜாவான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

"முப்பது மில்லிக்குக் கொறையாது," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"சம்பந்தி," என்றார் பெரிட்டா. "ஒண்ணு கேக்குறேன். கூர அப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். லிச்சுங்கு மேல் பழியைப் போடலாம். லுவெம்பே தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "தெரியும்," என்றார்.

"அந்தச் சட்டம்?"

"அதுவும் தெரியும். திங்கக்கெழம தச்சர் திருப்புளி வெச்சுக் காட்டுனாரு."

"தெரிஞ்சே என்ன அங்க உக்கார வெச்சீங்க."

"நடு எடம்... மரியாதையான எடம்னு..."

"ஈரம் காஞ்சுடும்," என்றார் பெரிட்டா. "கூர எல்லார் வீட்லயும்தான் ஒழுகுது, என் வீடு என்ன அரமனையா. தெரிஞ்சே உக்கார வெச்சீங்களே, அதான் எனக்குப் புரியல. ஆனா கடசியில கையப் புடிச்சு இழுத்ததும் நீங்கதான். அதனால வேணாம்னு சொல்லல. சரின்னும் சொல்லல. கொஞ்ச நாள் போகட்டும்."

மழை விட்டதும் போய்விட்டார்கள். கோழியை யாரும் தொடவில்லை.

அன்றைக்கு ஜாவானை யாரும் திட்டவில்லை. ரிஸ்பா திட்டியிருந்தால் பதிலுக்கு நான்கு வார்த்தை சொல்லி ஆறியிருப்பார். அவள் பேசாமல் துணியைச் சுருட்டினாள். லுவெம்பே அப்பாவைத் தாண்டித் தன் அறைக்குப் போனான், மூன்று வாரம் அப்படியேதான் தாண்டிப் போனான். சந்தையில் மட்டும் கதை அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. கண்டவனெல்லாம், "கிளார்க்கு, இன்னிக்கு சிலந்தி பெய்யுமா?" என்று கேட்டான். வழக்கமாக அவர்தான் முதலில் சிரிப்பார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது, நிஜமான வெட்கம்.

மறு திங்கட்கிழமை லிச்சுங்கு வந்தார். தினமும் மத்தியானம் மழை கொட்டியது, காலையில் மட்டும்தான் வேலை. நான்கு நாள் வேலை பதினேழு நாள் ஆயிற்று. சட்டங்களைக் கையாலேயே பிட்டுப் பிட்டு எடுத்தார்கள். புது மரத்துக்கெல்லாம் பழைய இன்ஜின் ஆயிலைத் தடவினார்கள், கரையானுக்கு அது ஆகாது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரம் மேலே போயிற்று. ரிஸ்பா முதல் தடவையாகக் காலை இடிக்காமல் கட்டிலைச் சுற்றி வந்தாள்.

பழைய தகரத்தில் துரு குறைவாக இருந்த பன்னிரண்டை ஜாவான் பொறுக்கித் தனியே அடுக்கினார். லுவெம்பேயின் அறைக்கு மேலே இருந்தது அதைவிட மோசம். அப்பா வீட்டுப் பழைய தகரம் மகன் வீட்டுக்குப் போவது எங்கும் நடப்பதுதான், அதில் யாருக்கும் குறையில்லை.

"இன்னும் மூணு வருஷம் தாங்கும்ல?" என்றார்.

லிச்சுங்கு ஒன்றைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்தார். "நீங்களே பாருங்க."

ஜாவான் பார்த்தார். தகரம் முழுக்க ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தது. தார் வைத்தால் ஒரு வருஷம் ஓட்டலாம். மேலே ஏறிவிட்டால் கீழே இருந்து யாருக்கும் தெரியாது. கசாண்டி வந்து அதன் கீழ் படுப்பாள், ஒருநாள் மழையில் எழுந்து வாளியைத் தேடுவாள். அவளுக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். தெரிஞ்சே உக்கார வெச்சீங்களே என்று அந்தம்மா கேட்டது காதுக்குள் அப்படியே கேட்டது.

"கீழ போடு," என்றார்.

அந்த வியாழக்கிழமை சந்தைக்கு ஒரு சிவப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு போனார். பரிசத்துக்கென்று பெரிட்டாவுக்குச் சொல்லி வைத்திருந்த நான்கு மாடுகளில் அதுதான் நல்ல பசு, கறவையில் இருந்தது. பெண் வீட்டுக்கென்று பேசிய மாட்டை விற்பவனை எங்கள் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வழி நெடுக அதைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டே நடந்தார். திரும்பி வரும்போது கைவண்டியில் புதுத் தகரமும் ஒரு பெட்டி ஆணியும் இருந்தன. ரிஸ்பா வண்டியைப் பார்த்தாள், பிறகு தொழுவத்தைப் பார்த்தாள்.

"பைத்தியமா உங்களுக்கு? அந்தம்மா ஏற்கெனவே சரின்னு சொல்லல. இப்ப மாடும் ஒண்ணு கொறஞ்சா?"

"சொல்லிடுவேன்."

"என்னன்னு?"

"வித்துட்டேன்னு. வேற என்ன சொல்ல."

லுவெம்பே அன்று சாயங்காலம் சட்டையைக் கழற்றிவிட்டு லிச்சுங்குவோடு தன் கூரையில் ஏறினான். இறங்கி வந்து அப்பாவிடம் தண்ணீர் கேட்டான். மூன்று வாரத்தில் அதுதான் முதல் பேச்சு.

ஜூலையில் பெரிட்டாவிடமிருந்து ஆள் வந்தது, சனிக்கிழமை வருகிறேன் என்று. மேலே பலகை அடித்து மூடிவிடலாமா, இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றார் லிச்சுங்கு. வேண்டாம் என்றார் ஜாவான்.

"அண்ணே, சம்பந்தியம்மா வர்ற வீடு. கூர அப்படியே அம்மணமாவா நிக்கும்?"

"நிக்கட்டும். ஒரு தடவ மூடி வெச்ச லட்சணம் போதும்."

வந்தவர்களில் ஷிட்டாண்டா வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்து, சட்டங்கள் தெரிவதைக் கண்டு, இருமிக்கொண்டு முற்றத்துக்குத் திரும்பினார். பெரிட்டாவும் தலையைக் குனிந்தபடி வாசற்படியில் நின்றார். ஜாவான் கதவை அகலத் திறந்து பிடித்தார்.

"உள்ள வாங்க சம்பந்தியம்மா," என்றார். "மேல பாருங்க. தப்புன்னு தெரியும். ஆனா நீங்க பாத்துட்டுச் சொல்லணும்."

பெரிட்டா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே வந்து, முகத்தைத் தூக்கி, சந்தையில் பழைய துணியை விரித்துத் தையலைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தார். ஒரு மூலையில் நின்று கையை நீட்டி மரத்தைத் தொட்டு முகர்ந்தார்.

"இன்ஜின் ஆயிலா?"

"ரெண்டு கை தடவியிருக்கு."

"எம் பொண்ணு இருக்கப் போற வீடு எது?"

முற்றத்தைத் தாண்டி லுவெம்பேயின் அறைக்குப் போனார்கள். அங்கேயும் நிமிர்ந்து பார்த்தார். இங்கே நேரம் அதிகம் எடுத்துக்கொண்டார். "இதுவும் புதுசா? பழசக் கொண்டாந்து போடலயா?"

"இல்ல."

"அது எங்க?"

"தொழுவத்துக்குப் பின்னால கெடக்கு."

பெரிட்டா சன்னல் வழியாகத் தொழுவத்தைப் பார்த்தார். அவருடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது. "பேசுனது நாலு. மூணுதான் கட்டியிருக்கு. செவப்பு எங்க?"

ரிஸ்பா தலையைக் குனிந்துகொண்டாள். லுவெம்பே வெளியே வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை. ஜாவான் மேலே கையைக் காட்டினார்.

"அங்க இருக்கு. உங்க பொண்ணு தலைக்கு மேல. உங்களக் கேக்காம வித்துட்டேன், அது என் தப்பு. அதுக்குப் பதிலா வேற ஒரு கன்னு வளந்து எப்ப தர முடியும்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன். அதனால வேணாம்னு சொன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

பெரிட்டா அந்தச் சின்ன அறையில் நான்கு மூலையையும் ஒருமுறை பார்த்தார்.

"அவ அப்பா செத்தப்ப நாலும் சின்னதுங்க," என்றார். "மழ வந்தா காஞ்ச மூல எதுன்னு பாத்துப் பாத்து ஒவ்வொண்ணா தூக்கிப் போடுவேன். அதுங்க தூங்கிடும். நான் நிப்பேன். அந்த வருஷம் யாராச்சும் எனக்கு ஒரு மாட்ட வித்து ஒரு தகரம் போட்டுக் குடுத்திருந்தா, அவங்க கால்ல விழுந்திருப்பேன்."

ஜாவான் மேலே காட்டிய கையை இறக்கினார்.

"அந்த மாடு மேலயே இருக்கட்டும் சம்பந்தி. எறக்க வேணாம்," என்றார் பெரிட்டா. லுவெம்பேயின் ஒரே நாற்காலியை அறையின் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரிஸ்பா, சாப்பாட்ட இங்கயே கொண்டா. போன தடவ கோழிய வாயில வெக்க முடியல."